ஆறு வோல்ட்டில் பிழையில்லை

என் ஆசை அப்பாவுக்கு,

இப்படி உங்களைக் கடைசியாக எப்போது கூப்பிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். பதினாறு வயதுக்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை. அதன்பிறகு நீங்கள் உயிரோடு இருந்த காலமெல்லாம் வாயில் வராத சொல், நீங்கள் போய்ப் பத்து மாதம் கழிந்தபிறகு கடதாசியில் வருகிறது. கேட்க ஆள் இல்லை என்பதால்தான் வருகிறதோ என்னவோ.

இதை நாலு பேர் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்களைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் வாய்விட்டுப் பேசியது. அதற்கான பதில் மட்டும் எனக்குள்ளேயே கிடக்க வேண்டுமா?

முதலில் இங்கத்தைய புதினம், நடப்பு. தன்னாமுனை வீட்டுக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டேன். உங்கள் மாமரம் இந்த முறை காய்க்கவில்லை. எனக்கு ஓய்வுபெற இன்னும் சில வருடம் இருக்கிறது. அதே பள்ளிக்கூடத்தில் அதே விஞ்ஞானம்தான் படிப்பிக்கிறேன். நாவற்குடாவில் என் வீட்டு வாசலில் இப்போது உங்கள் கார் நிற்கிறது. ஓம், அந்தக் கார்தான். பின்னுக்கு எஞ்சின் வைத்த, ஆமை முதுகு மாதிரி வளைந்த, நான் பிறக்க முன்னமே பிறந்த அந்த ஜேர்மன் கார். முப்பது வருடத்துக்கு மேலாக நான் கால் வைக்காத கார். அதை இப்போது நான்தான் ஓட்டுகிறேன்.

எப்படி என்று சொல்லவேண்டும். அதற்கு முதல், இந்த வருடம் வரை எனக்குத் தெரிந்திருந்த கதையை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் பனிச்சங்கேணியில் இருந்தோம். நீங்கள் நீர்ப்பாசன ஓவசியர். வட்டை வட்டையாக வயல்களுக்குள் போய் வாய்க்காலும் மதகும் பார்ப்பது உங்கள் வேலை. யாரோ கைவிட்ட காரை எடுத்து, நீங்களே கழற்றிப் பூட்டி ஓடவைத்திருந்தீர்கள். அது ஆறு வோல்ட் பற்றறியில் ஓடுகிற பழைய காலத்து வண்டி. பிறகு வந்த கார்களெல்லாம் பன்னிரண்டு. "ஓவசியர், இதப் பன்ரண்டாக்குங்க, மாரி மழைக்கு இது இழுக்காது" என்று வாழைச்சேனையில் ஒரு மெக்கானிக் சொன்னார். நீங்கள் சிரித்துக்கொண்டு, "ஆறு போதும்" என்றீர்கள். பக்கத்தில் சின்னம்மா நின்றா. அம்மாவின் தங்கச்சி. அந்தச் சிரிப்பை அவ பிறகு ஒருநாளும் மறக்கவில்லை.

நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மார்கழி அது. தம்பி சுகந்தனுக்கு ஆறு வயது. ஒரு கிழமையாக விடாத மழை. வெளுக்கும் நேரம் அம்மாவுக்கு முட்டு வந்தது. அவவுக்கு மூச்சு முட்டுவது புதிதல்ல. ஆனால் அன்றைக்கு வந்தது வேறு மாதிரி. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நான் எழும்பி வரும்போது நீங்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரின் பின்சீற்றில் கிடத்திக்கொண்டிருந்தீர்கள்.

திறப்பைத் திருப்பினீர்கள். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினீர்கள். மூன்றாம் தரம் அந்தச் சத்தமும் வரவில்லை.

அயலில் நாலைந்து பேர் ஓடிவந்து தள்ளினார்கள். சேற்றில் சில்லு சுற்றாமல் இழுபட்டது. ஒருவர், "பற்றறியப் பாருங்க ஓவசியர்!" என்று கத்தினார். அந்தக் காரில் பற்றறி பின்சீற்றுக்குக் கீழேதான் இருக்கும். அதைப் பார்க்கவேண்டுமென்றால் அம்மாவை இறக்கவேண்டும்.

"பாத்திட்டன். இறங்கிப் போச்சு. தள்ளுங்க" என்றீர்கள்.

றோட்டு வரைக்கும் தள்ளினோம். எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை. கடைசியில் யாரோ ஓடிப்போய் உழவு மெசின் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அம்மாவை மெசினின் இழுவைப் பெட்டியில் கிடத்தி, மேலே பொலித்தீன் பிடித்தோம். அவவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பாலம் தாண்ட முதல் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. நீங்கள் மெசின்காரரின் தோளில் தட்டி, "திருப்புங்க" என்றீர்கள்.

செத்த வீட்டில் சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்தினா. "பன்ரண்டாக்கு பன்ரண்டாக்கு எண்டு எத்தின பேர் சொன்ன? கேட்டானா? ஒரு பழைய இரும்புக்காக என்ட அக்காவச் சாகடிச்சிட்டானே!" நீங்கள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மறுக்கவில்லை. ஒரு சொல்லாவது சொல்லுவீர்கள் என்று நான் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினாறு வயதுப் பிள்ளைக்கு, மறுக்காத ஆள் ஒத்துக்கொண்ட ஆள்.

அன்று தொடங்கியது. அதை நான் எப்படி வளர்த்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

தன்னாமுனைக்கு வீடு மாறி வந்தோம். தம்பியை நான்தான் வளர்த்தேன், சமைத்துக் கொடுத்து, குளிப்பாட்டி, படிப்பித்து. அதோடு சேர்த்து அந்தக் கதையையும் ஊட்டினேன். "அம்மா ஏன் செத்த?" என்று அவன் கேட்கும்போதெல்லாம், "அப்பாட கார் எழும்பல்ல. மாத்தச் சொல்லி எல்லாரும் சொன்னது. அவர் மாத்தல்ல" என்றேன். ஒரு பொய்யும் கலக்காமல் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன்.

எனக்கு முதல் நியமனம் கிடைத்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு சனிக்கிழமை பகல். நீங்கள் குசினி வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"இப்பவாவது அதப் பன்ரண்டாக்குங்க. இல்லாட்டி வித்துத் தொலையுங்க" என்றேன்.

"ஆறு போதும், புள்ள."

"அம்மாவுக்குப் போதாமப் போயித்தே."

நீங்கள் கலக்குவதை நிறுத்தவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கோப்பைக்குள் கரண்டி சுற்றுகிற அந்தச் சத்தம்.

"நீங்கதான் அம்மாவைச் சாகடிச்ச நீங்க. தெரியுமா? நீங்கதான்."

கரண்டியை எடுத்துச் சாசரில் வைத்தீர்கள். கோப்பையை என் பக்கம் தள்ளினீர்கள். "சூடு போகமுன்னம் குடி" என்றீர்கள். அந்தத் தேத்தண்ணி எனக்காகக் கலக்கியது என்பது அப்போதுதான் தெரிந்தது. குடிக்காமல் எழும்பிப் போனேன்.

என் கலியாணத்துக்கு அந்தக் காரைக் கழுவி, மெழுகு பூசி, முன்பக்கம் மல்லிகைச் சரம் கட்டிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினீர்கள். நான் வாடகை வேனில் ஏறினேன். வேனுக்குப் பின்னால் வெறும் பின்சீற்றோடு கோயில் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். எத்தனையோ பேர் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கவேண்டும் என்றுதான் செய்தேன், அப்பா.

வயது போனபிறகு உங்களைப் பார்க்காமல் விட்டேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சோறு கட்டிக்கொண்டு வந்தேன், மருந்து வாங்கித் தந்தேன். ஆனால் சோற்றுக் கோப்பையை வைப்பேன், எடுப்பேன். கதைக்க மாட்டேன். நீங்களும் கதைக்கவில்லை. போன வருடம் நெஞ்சுவலி வந்து, அயலவர்கள் உங்களை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது முகத்தை மூடியிருந்தார்கள். கனடாவில் இருக்கும் தம்பிக்குக் கோல் எடுத்தேன். "வரவா அக்கா?" என்று கேட்டான். "வந்து என்ன செய்யப் போறாய்? வேலையை விட்டுப்போட்டு வராத" என்றேன். அவன் வரவில்லை. கொள்ளி வைக்க உங்கள் தம்பியின் மகனைக் கூப்பிட்டோம்.

காரியங்கள் முடிந்து சில மாதம் போனபிறகுதான் கார் பற்றிய பேச்சு வந்தது. கொழும்பிலிருந்து பழைய கார் சேர்க்கிற ஒருவர் வந்து பார்த்தார். "மிஸ், எல்லாம் பிறந்த மாதிரியே இருக்கு. ஆறு வோல்ட். தயவுசெய்து கை வைக்காதீங்க" என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். அந்தக் கணமே முடிவெடுத்தேன், பன்னிரண்டாக்குவது என்று. எனக்குக் கார் தேவைப்பட்டதா? இல்லை. ஒரு தடவையாவது உங்களை வெல்லவேண்டும் என்றிருந்தது. செத்தவரை வெல்ல நினைப்பது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் செய்தேன்.

ஏறாவூரில் எல்லாரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற மீராலெப்பையின் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனோம். கார் கரண்ட் வேலையில் அவரை விட்டால் இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்பார்கள். தாடி முழுக்க வெள்ளை. உங்கள் காரைக் கண்டதும் எழும்பி வந்து, கூரையைத் தடவிப் பார்த்தார். உங்களுக்கு அவரைத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"டீச்சர், மாத்தலாம். டைனமோ, ஸ்டாட்டர், கொயில், ஹோன், வைப்பர் மோட்டர், பல்பு எல்லாம் போகோணும். அது கஷ்டமில்ல. ஆனா எதுக்கு மாத்திற?"

"ஆறில வண்டி சரியா இழுக்காதுதானே நானா."

"ஆரு சொன்ன? ஆறு எண்டா கரண்ட் ரெண்டு மடங்கு ஓடும். வயர் தடிப்பா இருக்கோணும், பூட்டுற இடமெல்லாம் துரு இல்லாம இருக்கோணும். அவ்வளவுதான். ஐயா இத வெச்சிருந்த மாதிரி வெச்சிருந்தா, நூறு வருசத்துக்கும் இழுக்கும்."

"இழுக்காமத்தான் எங்கட அம்மா செத்தவ" என்றேன். குரலை உயர்த்திவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கதவைத் திறந்து, முன்சீற்றைச் சாய்த்து, பின்சீற்றைத் தூக்கி வைத்தார்.

"அம்மாட முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட ஐயா இத என்னட்டக் கொண்டு வந்தவர். நான் புதுசா கராஜ் போட்ட நேரம். 'இதில என்ன பிழை எண்டு பாரு, தம்பி. ஒண்டையும் ஒளிக்காமச் சொல்லு' எண்டார். ரெண்டு நாள் பாத்தன். டைனமோ நல்லம். ஸ்டாட்டர் நல்லம். கேபிள் நல்லம். பற்றறியச் சார்ஜ் பண்ணி வெச்சா ஒரே திருப்பில எடுத்திச்சு. 'ஐயா, கார்ல ஒரு பிழையும் இல்ல. ஆரோ லைற்றப் போட்டுட்டு அணைக்க மறந்திருக்காங்க' எண்டன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒருக்காக் குனிஞ்சு பற்றறியப் பாத்தார். மறுகா, பற்றறிக் கிளிப்பில பத்த வெச்சிருந்த ரெண்டு வயரக் காட்டி, 'இத வெட்டி விடு' எண்டார். வெட்டினன். அடி இன்னும் கிடக்கு, பாருங்க."

குனிந்து பார்த்தேன். கிளிப் ஒவ்வொன்றிலும் விரல் நீளம்கூட இல்லாத ஒரு துண்டு. பழைய ரேடியோவில் இருந்து கழற்றிய, துணி சுற்றிய வயர். எனக்கு அதைத் தெரியும். ஒரு வருடம் முழுக்க அந்த வயரின் மற்ற நுனி என் மேசையில்தான் இருந்தது.

"என்ன வயர் எண்டு கேட்டன். 'மகள் படிக்கிறதுக்குப் போட்ட லைற்' எண்டார்." சொல்லி முடித்தபிறகுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். "டீச்சர்... ஒங்களுக்குத் தெரியாதா?"

வாசிக்கிறவர்கள் என்னை மன்னிக்கவேண்டும். இந்தப் பல்பைப் பற்றி மேலே நான் சொல்லவில்லை. ஒளிக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்த கதையில் அது இருக்கவேயில்லை. சண்டைக் காலத்தில் ஊருக்குக் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. என் கண் கெட்டுப்போகும் என்று நீங்கள் கார் பற்றறியிலிருந்து வயர் இழுத்து, யன்னலால் என் மேசைக்குக் கொண்டுவந்து, ஒரு பிரேக் லைற் பல்பைப் பூட்டித் தந்தீர்கள். "ரெண்டு மணித்தியாலம். அதுக்கு மேல எரிய விடாத, புள்ள" என்று ஒவ்வொரு நாளும் சொன்னீர்கள். காலையில் சீற்றுக்கடியில் என் வயரைக் கிளிப் வயரிலிருந்து கழற்றிவிட்டுப் போவீர்கள்; பகலில் நீங்கள் வயல் சுற்றும்போது பற்றறி திரும்ப ஏறிவிடும். அந்தக் கிழமை வெள்ளத்தில் நீங்கள் காரை எடுக்கவேயில்லை.

பரீட்சைக்கு மூன்று நாள். புத்தகத்தின் மேல் தலைவைத்து நித்திரையாகிவிட்டேன். அம்மாவின் சத்தத்துக்கு எழும்பியபோது பல்பு எரியவில்லை. எரிந்து எரிந்து, பற்றறியைக் குடித்து, தானாகச் செத்திருக்கிறது. எரியாத பல்பை நான் ஏன் நினைக்கப் போகிறேன்? அணைத்துவிட்டுப் படுத்தேன் என்றுதான் என் புத்தி எனக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

இப்போது புரிகிறது. "பாத்திட்டன்" என்றீர்களே. எப்போது பார்த்தீர்கள்? அம்மாவைக் கிடத்த முதல் சீற்றைத் தூக்கி வயரைக் கழற்றியிருக்கிறீர்கள். அப்போதே விளங்கிவிட்டது. திறப்பைத் திருப்ப முதலே தெரியும், எடுக்காது என்று. தெரிந்துகொண்டு மூன்று தரம் திருப்பினீர்கள். செத்த வீட்டுச் சனம் வருமுன்னம் என் மேசையிலிருந்த வயரையும் பல்பையும் எடுத்து மறைத்துவிட்டீர்கள்.

"பிள்ளைக்குச் சொன்னீங்களா எண்டு கேட்டன், டீச்சர்" என்றார் நானா. "'பிள்ளை செய்தது படிப்பு. வயரக் கொளுவினவன் நான். அப்ப பிழை ஆர்ர?' எண்டு என்னட்டத் திருப்பிக் கேட்டார். அதுக்குப் பிறகு அந்தக் கதைய ஒரு நாளும் எடுக்கல்ல. நானும்தான் எத்தின தரம் சொன்னன், பன்ரண்டாக்குவம், இனிமே ஆறு வோல்ட் பல்பு தேடித்தான் எடுக்கோணும் எண்டு. 'பிழை இல்லாததில கை வெக்கப்படாது' எண்டுதான் சொல்லுவார்."

வீட்டுக்கு வந்து ஒரு கொப்பியைத் திறந்தேன். பதினெட்டு வாட் பல்பு, ஆறு வோல்ட். மூன்று அம்பியர். மாலை ஆறரையில் இருந்து விடிய ஐந்து வரைக்கும். ஒரு கிழமை சார்ஜ் ஏறாத பழைய ஒரு பற்றறியில் அதற்குப் பிறகு ஸ்டாட்டரைச் சுற்ற என்ன மிஞ்சும்? இந்தக் கணக்கை, இதே மாதிரி எண்களைப் போட்டு, வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். "பல்பை அணைக்க மறந்தால் என்ன நடக்கும், பிள்ளைகள்?" என்று கேட்டுச் சிரித்தும் இருக்கிறேன். ஒரு நாளாவது எனக்குத் தட்டவில்லையே. தட்டவிடாமல் நானே பிடித்து வைத்திருந்தேனா?

எல்லாரும் சொல்லுவார்கள், எவ்வளவு பெரிய மனது உங்கள் அப்பாவுக்கு என்று. நானும் மூன்று நாள் அப்படித்தான் அழுதேன். நாலாம் நாள் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

என்னைக் காப்பாற்றினதாக நினைத்தீர்கள். பதினாறு வயதில் சொல்லியிருக்க வேண்டாம். சரி. இருபத்தைந்தில்? பிள்ளை பெற்ற பிறகு? அந்தத் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளின நேரத்திலாவது, "புள்ள, இரு, ஒரு கதை கிடக்கு" என்று சொல்லியிருக்கலாமே. நான் உடைந்துபோயிருப்பேன், உண்மைதான். ஆனால் உடைந்து உங்கள் காலடியில்தான் விழுந்திருப்பேன். அதற்குப் பதிலாக என்னை நிமிர்த்தி நிற்கவைத்து, கல்லெறிய விட்டுவிட்டீர்கள். எறிந்த ஒவ்வொரு கல்லும் இப்போது எனக்கே கணக்குத் தெரியும்படி திரும்பி வருகிறது. வாடகை வேன். மூடின முகம். தம்பிக்குச் சொன்ன "வராத".

உங்கள் பெரிய மனதின் செலவு யார் தலையில் விழுந்தது என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு தகப்பன் இல்லாமல் போனார். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு இல்லாமல் போனார். அதை நான் செய்தேன். ஆனால் செய்ய இடம் விட்டது நீங்கள்.

நானாவுக்குக் கோல் எடுத்து, "பன்ரண்டு வேணாம். ஆறிலயே விடுங்க" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர். துருவெல்லாம் சுரண்டி, கேபிளைப் புதிதாகத் தடிப்பாகப் போட்டு, எங்கேயோ தேடி ஆறு வோல்ட் பல்புகளும் எடுத்துப் பூட்டித் தந்தார். உங்கள் மேல் வந்த பாசத்தில் செய்தேன் என்று நினைக்கவேண்டாம். பிழை செய்யாத ஒன்றைக் கழற்றி எறிய எனக்குக் கை வரவில்லை. ஏற்கெனவே ஒரு ஆளுக்கு அதைச் செய்தாயிற்று.

பிறகு தம்பிக்குச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன், ஒரு துண்டும் விடாமல்.

"அக்கா."

"சொல்லடா."

"அப்பா ஒவ்வொரு வருசமும் என்ட பிறந்தநாளுக்குக் கோல் எடுப்பார். நான் எடுக்க மாட்டன். அடிச்சு அடிச்சு நிக்கும். நீ சொன்ன கதையாலதான் எடுக்கல்ல."

"தெரியும்டா."

"உனக்கு ஒண்டும் தெரியா. நான் வரவா எண்டு கேட்டன். நீ வராத எண்டாய்." அதோடு வைத்துவிட்டான்.

ஒரு மாதமாக என் கோல் எதையும் எடுக்கவில்லை. அனுப்புகிற செய்திகளைப் பார்க்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. போன கிழமை ஒரு வரி வந்தது: "ஆண்டுத் திவசத்துக்கு வாறன். உன்ட வீட்ட நிக்க மாட்டன்." தன்னாமுனை வீட்டை அவனுக்காகக் கூட்டிக் கழுவி வைத்திருக்கிறேன். உங்கள் கட்டிலில் படுக்கட்டும்.

சின்னம்மாவுக்கும் சொல்லவேண்டும் என்று காரை எடுத்துக்கொண்டு பனிச்சங்கேணிக்குப் போனேன். எண்பது தாண்டிவிட்டா, கண் மங்கல். ஆனால் எஞ்சின் சத்தத்தை வைத்தே காரை அடையாளம் கண்டுவிட்டா. வாசலுக்கு வந்து தடியை ஓங்கினா.

"அந்த எமன ஏன்டி இஞ்ச கொண்டு வந்த நீ? அவன் செத்தும் அது சாகல்லியா?"

"சின்னம்மா, கார்ல பிழை இல்ல..."

"நீயுமா? நீயுமா அவன்ட பக்கம் சேந்திட்டாய்?"

தடி சரிய, அவ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டா. "திவசத்துக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வருகிற வழியில் பாலத்தடியில் காரை நிறுத்தி இருந்தேன். இரக்கப்பட்டுச் சொல்லாமல் வந்தேன் என்று என்னை நானே ஏமாற்றப் பார்த்தேன். இரக்கமில்லை, பயம். உங்கள் மௌனத்திலும் கொஞ்சம் பயம் இருந்ததா, அப்பா? நான் உங்களை வெறுப்பதைவிட என்னை நான் வெறுப்பதைப் பார்க்கப் பயந்தீர்களா? இதை உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அதுதான் உங்கள் குணம். அதுதான் எனக்கு ஆத்திரம்.

திவசத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தம்பி வருவான். சின்னம்மாவை அவவின் மகன் எப்படியும் கூட்டிக்கொண்டு வருவார். அன்றைக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற உங்களைப் பார்த்த அயலவர்களில் உயிரோடு இருக்கிற எல்லாரையும் நானே போய்ச் சொல்லி அழைக்கிறேன். படையல் முடிந்து சாப்பாட்டுக்கு இருக்குமுன்னம் எழும்பி நின்று, அன்று விடிய நடந்ததைச் சொல்லுவேன். என் பெயரைச் சொல்லித்தான் சொல்லுவேன். சின்னம்மா தடியை ஓங்கினால் ஓங்கட்டும். தம்பி எழும்பிப் போனால் போகட்டும். சொல்லி முடித்தபிறகு போகட்டும்.

உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். "விடு, புள்ள" என்பீர்கள். இத்தனை வருடம் உங்கள் சொல்லுக்கு மாறாகவே நடந்தவள், செத்தபிறகாவது சொல்லுக் கேட்கக்கூடாதா என்று யாரும் கேட்கலாம். கேட்க மாட்டேன், அப்பா. நீங்கள் எனக்காக மூடி வைத்ததை நான் உங்களுக்காகத் திறக்கிறேன். சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த பிள்ளை,
சுகந்தனின் அக்கா
நாவற்குடா